மேஸ்திரி ஏன் அந்தக் குடிசைக்கு வந்தான்? ‘எரியும் பனிக்காடு’ நாவலை வகுப்பில் வாசித்தல்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களின் முன்னோடி எனப் போற்றப்படும் கார்வர் மார்ஷுக்கு அம்மலையில் சிலை உண்டு. காட்டை வெட்டி, கன்று நட்டு, மலேரியாவில் மடிந்தவர்களின் கதையை அறிய விரும்பும் மாணவர் ஒரு நாவலைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

அந்நாவல் பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளிவந்த ‘ரெட் டீ’. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய டேனியல், தொழிலாளர் சங்கம் அமைக்கும் முயற்சிகளிலும் பங்கேற்றவர். கோவையைச் சேர்ந்த வழக்கறிஞரும் நாவலாசிரியருமான இரா. முருகவேள் 2007இல் இதனை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். திருநெல்வேலிச் சீமையின் மயிலோடைக் கிராமத்துக் கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் இனிப்பான சொற்களை நம்பி மலையேறுவதும், கையில் வாங்கிய முன்பணம் கழுத்துச் சுருக்காக மாறுவதுமே கதை.

பொதுவாக வகுப்பறைகளில் இந்நாவல் ‘வெள்ளைத் துரைகளின் கொடுமை’ என்ற ஒரே தலைப்பில் அடக்கப்பட்டுவிடுகிறது. கொடுமை உண்மை. ஆயினும் அப்படி வாசித்தால் 1947உடன் கதை முடிந்துவிடும். ஆசிரியர் முதலில் எழுப்ப வேண்டிய கேள்வி வேறு: மேஸ்திரி ஏன் அந்தக் குடிசையைத் தேடி வந்தான்? ஊரின் நிலவுடைமையாளர் வீட்டுக்கு ஏன் போகவில்லை?

பஞ்சம் என்பது பாதி விடைதான். வானம் பொய்த்தால் நிலமுள்ளவன் கடன் கொடுக்கிறான். நிலமற்றவன் கடன் வாங்குகிறான். யாருக்கு நிலம், யாருக்குக் கூலி, யாருக்கு அதுவும் இல்லை என்பதை மழை தீர்மானிக்கவில்லை, சாதி தீர்மானித்தது. தென்னிந்தியாவின் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தலித்துகளாக இருந்ததற்குக் காரணம் இதுவே. மூலதனம் மலையடிவாரத்தில் இறங்கியபோது அதற்குத் தேவையான ஆட்களைச் சாதிச் சமூகம் ஏற்கெனவே தயாராக வைத்திருந்தது. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யில் மருதி இலங்கைத் தோட்டத்துக்குப் போனதும் இதே வழியில்தான். இரண்டையும் அருகருகே வைத்து வாசிக்கச் செய்வது நல்ல பயிற்சி.

இரண்டாவதாக, மேஸ்திரி. அவன் வில்லன் மட்டுமல்லன், ஒரு அமைப்பு. ஆள் பிடிப்பவன், முன்பணம் தருபவன், வேலை வாங்குபவன், ஒவ்வோர் ஆளின் உழைப்பிலும் தரகு பெறுபவன் என எல்லாம் அவனே. கூலி அவன் கணக்குப் புத்தகத்தைக் கடந்தே தொழிலாளியின் கைக்கு வந்தது. கம்பெனிக்கு இதில் எவ்வளவு வசதி! கிராமத்து அடங்கல் முறையைத் தனியே உருவாக்கத் தேவையின்றி, மேஸ்திரியோடு சேர்த்து அதையும் மலைக்கு ஏற்றிக்கொண்டது. சட்டமும் துணை நின்றது. முன்பணம் பெற்றபின் வேலையைக் கைவிடுபவரைச் சிறைக்கு அனுப்ப 1859ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டமும், தோட்டங்களுக்கெனவே இயற்றப்பட்ட 1903ஆம் ஆண்டின் சென்னைச் சட்டமும் வழிசெய்தன. 1920களின் இறுதிக்குள் அவை நீங்கிய பின்னும் கடன் நீங்கவில்லை. மாணவர்கள் நாவலோடு இச்சட்டங்களையும் படித்தால், கருப்பன் ஏன் ஓடிப்போகவில்லை என்று கேட்கமாட்டார்கள்.

வர்க்கமா சாதியா என்ற பட்டிமன்றம் இங்கு பயன் தராது. சாதி உழைப்பை மட்டுமன்றி உழைப்பவர்களையே மேல்கீழாகப் பிரிக்கிறது என்று அம்பேத்கர் 1936இல் விளக்கினார். லயன் வீடு, ஆபீஸ், பங்களா என்று உயரம் உயரமாக அடுக்கப்பட்ட தோட்டத்தில் நின்று பார்த்தால் அக்கருத்து கண்ணுக்கே தெரியும். அந்த அடுக்கின் அடியிலும் பெண் இன்னும் கீழே நிறுத்தப்படுகிறாள். வள்ளி எதிர்கொள்ளும் பாலியல் அச்சுறுத்தலை ஒரு துரையின் ஒழுக்கக்கேடாகச் சுருக்கிவிடக் கூடாது. மறுத்தால் வேலையும் கூரையும் ஒருசேரப் போகும் இடத்தில் ‘சம்மதம்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள்? வகுப்பு சற்று மௌனமாகும். அந்த மௌனத்தை ஆசிரியர் அவசரப்பட்டுக் கலைக்க வேண்டியதில்லை.

நாவலையும் கேள்விக்கு உட்படுத்த வேண்டும். பிற்பகுதியில் மருத்துவர் ஆபிரகாம் வந்ததும் கதையின் பார்வை அவர் பக்கம் சாய்கிறது. மீட்பர் வெளியிலிருந்து, படித்தவராக வருகிறார். டேனியலின் சொந்த அனுபவம் அது என்பதால் குறை சொல்ல மனம் வரவில்லை. இருந்தாலும் வள்ளியே எழுதியிருந்தால் எங்கே தொடங்கியிருப்பாள் என்று கேட்கலாம். இந்நாவலைத் தழுவிய ‘பரதேசி’ (2013) திரைப்படமோ, தொழிலாளருக்காகப் போராடும் அம்மருத்துவரை மதமாற்றத்தில் நாட்டம் கொண்டவராகத் திருப்பிக் காட்டியது. இரண்டையும் ஒப்பிட்டால், வரலாறு எப்படித் திருத்தப்படுகிறது என்பதற்குத் தனிப்பாடம் தேவையில்லை. தோட்டங்கள் எழுந்த காட்டின் பூர்வகுடிகளான காடர்களின் கதையை யார் எழுதுவது என்பதும் மீதமிருக்கும் கேள்வி.

பிறகு வகுப்பு வாசலைத் தாண்ட வேண்டும். 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. குடியிருப்பும் மருத்துவமும் உரிமைகளாயின. ஆனால் கூலி உயர்வு கேட்டு ஊர்வலம் போன மாஞ்சோலைத் தொழிலாளர்களும் ஆதரவாளர்களும் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் காவல்துறைத் தடியடிக்கு ஆளாயினர். தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. 2015இல் மூணாறு பெண்கள் 20 விழுக்காடு போனஸ் கேட்டு, நிறுவனத்தையும் தங்கள் சங்கத் தலைவர்களையும் ஒருங்கே எதிர்த்துச் சாலையில் அமர்ந்தனர். பீர்மேடு தமிழ்த் தலித் தொழிலாளர்களைப் பற்றிய ஜெயசீலன் ராஜின் 2022ஆம் ஆண்டு ஆய்வுநூல், தேயிலைத் தொழில் நொடித்தபோது சாதி அவர்களை மலைக்கு வெளியேயும் பின்தொடர்ந்ததைக் காட்டுகிறது.

வால்பாறை மாணவருக்கு இவை தொலைவுச் செய்திகள் அல்ல. மூன்று தலைமுறை வாழ்ந்த லயன் வீடு பாட்டியின் பெயரிலும் இல்லை, அம்மாவின் பெயரிலும் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது வீட்டையும் விட்டிறங்க வேண்டும். மயிலோடையிலிருந்து வந்தபோது கருப்பனுக்கு நிலம் இல்லை. அவன் வழிவந்தவர்கள் மலையிறங்கும்போது எந்த நிலத்துக்குப் போவார்கள் என்பதை ஒரு பக்க அளவில் எழுதிவரச் சொல்லலாம்; வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்டு.