இலையுதிர் காலமும் இல்லச் செலவும்

பால்மரம் வெட்டும் குடும்பத்தின் வருவாய் ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. ஆண்டின் முற்பகுதியில் மரம் இலையுதிர்த்துத் துளிர்விடும்போது பால் குறைகிறது. மழைக்காலத்திலோ, மரப்பட்டை நனைந்திருக்கும் காலைகளில் கத்தியை எடுக்கவே இயலாது. ஆயினும், அரிசிச் செலவும் பள்ளிச் செலவும் பால் நிறுவையைப் பார்த்துக் குறைவதில்லை.

இவ்விடைவெளியில்தான் கடைக் கணக்கு வளர்கிறது. கடைப் புத்தகத்தில் 300 வெள்ளி நின்றுவிட்டால், நன்றாகப் பால் கிடைக்கும் மாதத்திலும் அந்த 300 வெள்ளி முதலில் கடைக்கே போகிறது. மீதிப் பணம் போதாமல் மீண்டும் கடன் வாங்குகிறோம். வட்டிக்கு விடுவோரிடம் கைநீட்டினாலோ துன்பம் இரட்டிப்பாகிறது.

இதற்கு வழி என்ன? நல்ல வருவாயுள்ள 8 மாதங்களில் மாதம் 60 வெள்ளி ஒதுக்குவோமாயின் 480 வெள்ளி சேரும். மெலிந்த 4 மாதங்களுக்கு மாதம் 120 வெள்ளி கைகொடுக்கும். செலவு போக எஞ்சியதைச் சேமிக்கலாம் என்று காத்திருத்தல் கூடாது. சம்பளம் பெற்ற அன்றே, கடைக்குச் செல்லுமுன் ஒதுக்கிவிட வேண்டும். கையிலிருக்கும் பணம் கரையும். ஆதலின், 1974ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசிய சேமிப்பு வங்கியில் அதனை இட்டு வைக்கலாம். ஊழியர் சேமநிதியோ முதுமைக்கென அமைந்தது. மாதச் செலவுக்கு அதனை நம்பியிருத்தல் நன்றன்று.

கடையில் ஒரு கணக்குப் புத்தகம் இருப்பதுபோல வீட்டிலும் ஒன்று இருத்தல் வேண்டும். வாங்கிய பொருளையும் விலையையும் அன்றன்றே எழுதும் பொறுப்பைப் பள்ளி செல்லும் பிள்ளையிடம் ஒப்படைக்கலாம். மாத முடிவில் கணவனும் மனைவியும் இரு புத்தகங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தல் நலம்.

கடனின்றி இலையுதிர் காலத்தைக் கடக்கும் குடும்பத்திற்கு, மரம் துளிர்த்தபின் வரும் சம்பளம் முழுவதும் சொந்தமாகும்.