யாருடைய பண்ட்டி?

தாயும் தந்தையும் பிரிந்தபோது நடுவில் நின்ற சிறுவனின் கதை

கணவனும் மனைவியும் பிரிகிறார்கள். வீடு யாருக்கு, நகை யாருக்கு, பண்டம் பாத்திரம் யாருக்கு என்று பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்த்துவிடுகிறார்கள். பங்கு போட முடியாத பொருள் ஒன்றுதான் பாக்கி நிற்கிறது. அதுதான் அவர்களுடைய குழந்தை!

அந்தக் குழந்தையின் மனத்தில் என்ன இருக்கிறது என்று யார் கேட்கிறார்கள்?

கேட்டவர் ஒருவர் உண்டு. அவர்தான் ஹிந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி. அவர் எழுதிய "ஆப்கா பண்ட்டி" என்ற நாவல் 1971-இல் புத்தகமாக வெளிவந்தது. அதற்கு முன் பம்பாயிலிருந்து வெளிவந்த "தர்மயுக்" என்ற ஹிந்தி வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்தது. வடநாட்டில் பல குடும்பங்கள் அதை வாரா வாரம் காத்திருந்து படித்தன.

"ஆப்கா பண்ட்டி" என்றால் "உங்கள் பண்ட்டி" என்று பொருள். அந்தத் தலைப்புக்குள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவின் இரண்டு முகங்கள்

பண்ட்டி பள்ளிக்கூடம் போகும் சிறுவன். அவன் தாய் சகுன் ஒரு காலேஜ் பிரின்ஸிபால். நன்றாகப் படித்தவள்; சொந்தக் காலில் நிற்பவள். தந்தை அஜய் கல்கத்தாவில் இருக்கிறார். இருவரும் பிரிந்து பல காலம் ஆகிவிட்டது.

வீட்டில் பண்ட்டிக்கு அம்மாதான் உலகம். அம்மாவைத் தவிர, வீட்டு வேலைகளைக் கவனித்துக்கொண்டு அவனுக்குக் கதை சொல்லும் பூபி என்ற கிழவியும் உண்டு. தோட்டத்தில் அவன் ஆசையோடு வளர்க்கும் செடிகளும் உண்டு.

காலையில் அம்மா கண்ணாடி முன் நின்று காலேஜுக்குப் புறப்படுகிறாள். பண்ட்டி பார்த்துக்கொண்டே இருக்கிறான். சற்று முன்வரை சிரித்துக் கொஞ்சிய முகம் மெல்ல மெல்ல இறுகிப் பிரின்ஸிபாலின் முகம் ஆகிவிடுகிறது! அந்த முகத்தைக் கண்டால் அவனுக்கே பயம். மாலையில்தான் பழைய அம்மா திரும்பி வருவாள்.

குழந்தைகள் எதையும் கவனிப்பதில்லை என்று நாம் நினைக்கிறோம். அவர்கள் கவனிக்காதது எதுவும் இல்லை என்பதை இந்த நாவல் பக்கத்துக்குப் பக்கம் காட்டுகிறது.

கல்கத்தாவிலிருந்து வக்கீல் சித்தப்பா வந்து போகிறார். அவர் கொண்டுவரும் பொம்மைகள் அப்பா அனுப்பியவை. அவர் கொண்டுவரும் பேச்சு அம்மாவுக்கு. அந்தப் பேச்சு முடிந்ததும் அம்மா ஏன் மௌனமாகிவிடுகிறாள்? பண்ட்டிக்கு யாரும் சொல்வதில்லை. அவனாகவே ஊகித்துக்கொள்கிறான். அரைகுறையாகத் தெரிவதால் அவன் துயரம் இரட்டிப்பாகிறது.

பாலமா, ஆயுதமா?

சகுன் கெட்டவள் அல்ல. அஜயும் கொடியவர் அல்ல. இதைத்தான் இந்த நாவலின் பெரிய பலம் என்று சொல்லவேண்டும். பழியை ஒருவர் தலையில் கட்டிவிட்டு நாம் நிம்மதியாகப் போய்விட முடியாது.

மகனைப் பாலமாகக் கொண்டு கணவன் என்றாவது திரும்பி வருவான் என்று சகுன் வெகுகாலம் நம்புகிறாள். அந்த நம்பிக்கை அறுந்தபோது அதே மகன் கணவனை நோகடிக்கும் ஆயுதம் ஆகிறான். பாலமாக இருந்தாலும் சரி, ஆயுதமாக இருந்தாலும் சரி, மிதிபடுவதும் மழுங்குவதும் பண்ட்டியின் பிஞ்சு மனந்தான்.

சட்டப்படி விவாகரத்து முடிகிறது. அஜய் மீரா என்ற பெண்ணுடன் புதுக் குடித்தனம் நடத்துகிறார். சகுனும் மனைவியை இழந்த டாக்டர் ஜோஷியை மணக்கிறாள். பூபிக்கு இது பொறுக்கவில்லை, ஹரித்துவாரம் போய்விடுகிறாள். பண்ட்டியின் உலகில் ஒரு தூண் சாய்ந்தது.

டாக்டர் வீட்டில் ஏற்கெனவே இரண்டு குழந்தைகள். டாக்டர் அன்பாகத்தான் பேசுகிறார். ஆனால் அந்த வீட்டில் எது தன்னுடையது என்று பண்ட்டிக்குத் தெரியவில்லை. இரவில் அம்மாவின் பக்கத்தில் படுக்கவும் வழியில்லை. அவன் முரண்டு பிடிக்கிறான், அடம் செய்கிறான். "பிடிவாதக்காரன்" என்கிறார்கள் பெரியவர்கள். அது பிடிவாதமல்ல, அழுகை என்று யாருக்கும் புரியவில்லை.

கடைசியில் பண்ட்டி கல்கத்தாவுக்கு, அப்பாவிடம் போகிறான். அங்கேயும் அதே கதை. அப்பாவுக்கு ஒரு புதுக் குடும்பம். அதில் இவன் ஒரு விருந்தாளி. முடிவில் ஹாஸ்டலில் சேர்ப்பதென்று தீர்மானமாகிறது. இரண்டு வீடுகள் இருந்தும் வீடில்லாத பிள்ளையாக அவன் ரெயில் ஏறுவதோடு நாவல் முடிகிறது.

சினிமாவும் வாழ்க்கையும்

பிரிந்த தாய் தந்தையரைக் குழந்தைகள் சேர்த்துவைக்கும் கதை தமிழ் ரசிகர்களுக்குப் புதிதல்ல. ஜெய்சங்கரும் ஜமுனாவும் நடித்து, குட்டி பத்மினி இரட்டை வேடத்தில் துள்ளி விளையாடிய "குழந்தையும் தெய்வமும்" படம் 1965-இல் வந்தது. ஆங்கிலத்தில் "பேரண்ட் ட்ராப்" என்று 1961-இல் வந்த படமே அதற்கு மூலம். இரண்டுக்கும் வேர், ஜெர்மன் எழுத்தாளர் எரிக் கெஸ்ட்னர் 1949-இல் எழுதிய சிறுவர் நாவல். தாயிடம் ஒருத்தியும் தந்தையிடம் ஒருத்தியுமாக வளர்ந்த இரட்டைச் சிறுமிகள் இடம் மாறிப் பெற்றோரை ஒன்றுசேர்க்கும் கதை அது.

பார்க்க இனிக்கும் கதைதான். ஒவ்வொரு பிள்ளையும் அப்படித்தான் கனவு காண்கிறது. ஆனால் வாழ்க்கையில் எத்தனை பேருக்கு அந்தக் கனவு பலிக்கிறது? பலிக்காத பிள்ளைகளுக்காக எழுதப்பட்டது பண்ட்டியின் கதை.

எழுதியவர் யார்?

மன்னு பண்டாரி 1931-இல் மத்தியப் பிரதேசத்தில் உள்ள பான்புராவில் பிறந்தவர். அஜ்மீரில் வளர்ந்தவர். டில்லியில் மிராண்டா ஹவுஸ் கல்லூரியில் நெடுங்காலம் ஹிந்தி கற்பித்தார். கணவர் ராஜேந்திர யாதவும் புகழ்பெற்ற எழுத்தாளர். மன்னு பண்டாரியின் சிறுகதை ஒன்றுதான் 1974-இல் "ரஜனிகந்தா" என்ற ஹிந்திப் படமாகி வெற்றி பெற்றது. அரசியலைத் தோலுரிக்கும் "மகாபோஜ்" நாவலும் அவருடையதே. 2021 நவம்பரில் தமது 90-ஆவது வயதில் காலமானார்.

பண்ட்டியின் கதையும் சினிமாவாயிற்று. தமது கதையைத் திரித்துவிட்டார்கள் என்று மன்னு பண்டாரி டில்லி ஹைகோர்ட்டுக்குப் போனார். உரிமையை விற்றுவிட்டாலும், தம் படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமை ஆசிரியருக்கு உண்டு என்று 1986-இல் கோர்ட்டு கூறியது. காப்புரிமைச் சட்டத்தைப் படிக்கும் மாணவர்கள் இன்றும் அந்த வழக்கைப் படிக்கிறார்கள். தாம் பெற்ற பிள்ளைக்காக வாதாடுவதுபோல் பண்ட்டிக்காக அவர் வாதாடினார் என்றால் மிகையில்லை.

சட்டம் சொல்வது

1955-ஆம் ஆண்டின் ஹிந்து விவாகச் சட்டம் விவாகரத்துக்கு வழி வகுத்தது. அடுத்த ஆண்டில் வந்த மைனர், கார்டியன் சட்டம் ஒரு நல்ல வார்த்தை சொல்கிறது: கார்டியனை நியமிக்கும்போது மைனரின் நலனே முதன்மையாகக் கருதப்படவேண்டும் என்பதே அது. 1984-இல் குடும்ப கோர்ட்டுகளுக்கென்று தனிச் சட்டமும் வந்தது.

ஆயினும் குழந்தை எந்த வீட்டில் உறங்கவேண்டும் என்றுதான் கோர்ட்டு சொல்லமுடியும். அந்த வீட்டில் அது நிம்மதியாக உறங்குகிறதா என்பதைப் பெற்றவர்கள்தான் பார்க்கவேண்டும்.

ஒத்துப்போகாத தம்பதிகள் பிரியவே கூடாது என்று இந்த நாவல் உபதேசம் செய்யவில்லை. சகுனுக்கும் ஒரு வாழ்வு வேண்டும் என்பதை ஆசிரியை மறுக்கவும் இல்லை. தினம் சண்டை நடக்கும் வீட்டில் வளர்வதும் குழந்தைக்குச் சுகமல்லவே! அப்படியானால் என்ன செய்வது?

பண்ட்டி படும் பாட்டிலேயே பதில் இருக்கிறது. நடப்பதைக் குழந்தைக்குப் புரியும்படி உண்மையாகச் சொல்லுங்கள். ஒருவர்மேல் உள்ள கோபத்தைக் குழந்தையின் வாய் வழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள். அப்பாவை நேசித்தால் அம்மாவுக்குத் துரோகம் என்ற எண்ணத்தை அதன் மனத்தில் விதைக்காதீர்கள். "இது உன் இடம்" என்று சொல்ல அதற்கு ஒரு மூலையாவது ஒதுக்கிக் கொடுங்கள்.

தலைப்பில் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது என்று சொன்னோம் அல்லவா? தாய்க்கும் உரியவனாகாமல், தந்தைக்கும் உரியவனாகாமல் போன சிறுவனை "உங்கள் பண்ட்டி" என்று வாசகர் கையில் பிடித்துக் கொடுக்கிறார் மன்னு பண்டாரி. படித்துவிட்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டால் மட்டும் போதாது. நம் தெருவில், நம் உறவில், பிள்ளையின் வகுப்பில் பண்ட்டி ஒருவன் இருக்கக்கூடும். அவனை ஒரு நாள் வீட்டுக்கு அழைத்து, உட்காரவைத்து, அவன் சொல்வதைக் கேளுங்கள்.