தோண்டாமலே 70 கிலோமீட்டர்!

மனிதன் பூமியில் போட்ட ஆழமான ஓட்டை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது. 1970-ல் ஆரம்பித்து 1989-ல் 12,262 மீட்டரைத் தொட்டார்கள். அதற்குமேல் சூடு தாங்கவில்லை. ஆனால் திபெத்துக்குக் கீழே பூமியின் மேலோடு சுமார் 70 கிலோமீட்டர் தடிமன் என்று அடித்துச் சொல்கிறார்களே, எப்படி? யார் போய் டேப் பிடித்தது?

அலைகள்தான் சார். பூகம்பம் வந்தால் சில அலைகள் உள்ளே புகுந்து போகும். சில, தரையை ஒட்டியே ஓடும். இதில் இரண்டு ஜாதி. தரையை உருட்டிப் புரட்டுவது ராலே அலை. பக்கவாட்டில் ஆட்டுவது லவ் அலை. லவ் என்றதும் நிமிர்ந்து உட்காராதீர்கள், ஏ.ஈ.எச்.லவ் என்ற ஆங்கிலேயக் கணித நிபுணர் அவர்!

விஷயம் இதுதான். குட்டை அலை மேலாக மேய்ந்துவிட்டுப் போகும். நீள அலை ஆழம்வரை துழாவும். ஆழத்துப் பாறையில் பொதுவாக வேகம் அதிகம் என்பதால், ஒன்றாகக் கிளம்பினாலும் நீள அலை முன்னால் வந்து சேரும். யார் எப்போது வந்தார்கள் என்ற அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரை வைத்து, கீழே எந்த ஆழத்தில் எப்படிப்பட்ட பாறை என்று பின்னாலிருந்து கணக்குப் போடுகிறார்கள். நம் ஆடிட்டர்கள் மாதிரி இங்கேயும் ஒரே கணக்குக்குப் பல விடை பொருந்தும். அதனால் வேறு அலைகளோடும் ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார்கள்.

இது வெறும் பாறை ஆராய்ச்சி இல்லை. 1985-ல் மெக்ஸிகோ சிட்டியில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். பூகம்பம் வந்ததோ 350 கிலோமீட்டருக்கு அப்பால், கடலோரத்தில்! நகரத்துக்கு அடியில் இருந்த பழைய ஏரிச்சேறு, வந்த அலையைப் பிடித்துவைத்துப் பெரிதாக்கி ஆட்டியது. 6 முதல் 15 மாடிக் கட்டடங்கள் அந்த ஆட்டத்தோடு ஒத்து ஆடி விழுந்தன. குட்டைக் கட்டடங்கள் பல தப்பின.

ஆக, சேறு எங்கே, பாறை எங்கே என்று முன்கூட்டியே தெரியணும். அதற்கு பூகம்பத்துக்காகக் காத்திருப்பதா? நல்லா இருக்கே!

2005-ல் ஷபீரோ, கம்பீயோ குழுவினர் கலிஃபோர்னியாவில் ஒரு வேலை செய்தார்கள். கடல் அலைகள் ராப்பகலாக அடிப்பதில் தரைக்குள் ஓயாத முணுமுணுப்பு ஒன்று ஓடுகிறது. 'இரைச்சல்' என்று விஞ்ஞானிகள் ஒதுக்கி வைத்திருந்த சமாசாரம். ஒரு நிலையத்தில் கேட்ட முணுமுணுப்பு எத்தனை செகண்ட் கழித்து இன்னொரு நிலையத்தில் கேட்கிறது என்று ஜோடி ஜோடியாக ஒப்பிட்டார்கள். வரைபடம் வந்துவிட்டது! சியரா நெவாடா மலையின் கிரானைட்டில் அலை வேகமாகப் போகிறது. சான் வாக்கின் பள்ளத்தாக்கின் வண்டலில் தள்ளாடுகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரமும் இப்படி ஒரு வண்டல் படுகைமேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

இத்தனைக்கும் அவர்கள் காது கொடுத்துக் கேட்டது ஒரே ஒரு மாதத்து முணுமுணுப்பை.