கொடுத்தது கொடுத்ததுதான்

ரெடிஸ் தரவுத்தளத்துக்கு ஒரே ஒரு இணைப்பு. ஒரு பணி அதன் வழியே ஒரு மதிப்பைக் கேட்கிறது. இன்னொரு பணி அதே வழியே எழுதப் பார்க்கிறது. ரஸ்ட் மொழியின் கம்பைலர் இதை அனுமதிக்காது. ஒரு பொருளை மாற்றும் உரிமை ஒரு சமயத்தில் ஒரு கையில்தான் இருக்கலாம் என்பது அதன் சட்டம். பூட்டுப் போட்டுப் பகிரலாம். ஆனால் ஒரு பணியின் கேள்விக்குப் பதில் வந்து சேரும்வரை அடுத்த பணியால் கேள்வியையே அனுப்ப முடியாது.

ரஸ்ட்டில் அசின்க் நிரல்களுக்குப் பரவலாகப் பயன்படும் டோக்கியோ நூலகத்தின் பயிற்சிப் பாடம் இந்தச் சிக்கலையே எடுத்துக்கொண்டு வேறு வழி காட்டுகிறது. இணைப்பு முழுவதையும் ஒரு மேலாளர் பணியிடம் ஒப்படைத்துவிடுவது. மற்றவை தங்கள் தேவையைச் செய்தியாக அனுப்புவது. செய்தி போகும் பாதை எம்பிஎஸ்சி சேனல்: அனுப்புவோர் பலர், வாங்குபவர் ஒருவர். பதில் எப்படித் திரும்பும்? பத்திரிகைக்குக் கதை அனுப்பியவர்கள் சுயவிலாசமிட்ட, தபால்தலை ஒட்டிய உறையையும் உள்ளே வைத்தார்களே, அதே உத்திதான். ஒவ்வொரு செய்திக்குள்ளும் ஒன்ஷாட் என்ற, ஒரே முறை பயன்படும் சேனலின் முனை வைக்கப்படுகிறது.

அனுப்பிய செய்தி அனுப்பியவரிடம் இருக்காது. மறந்துபோய் அடுத்த வரியில் அதைத் தொட்டால் இ0382 என்ற பிழையோடு கம்பைலர் நின்றுவிடும். எண்கள் போன்ற சில்லறை மதிப்புகள் மட்டும் நகலாகிப் போவதால் தப்பிக்கும்.

பாடத்தில் சேனலின் கொள்ளளவு 32. அது நிரம்பியிருந்தால் அடுத்து அனுப்ப வரும் பணி இடம் கிடைக்கும்வரை காத்திருக்கும். அந்த இடைவெளியில் அதே இழையில் வேறு பணிகள் ஓடும். வரம்பில்லாத சேனலும் உண்டு. வசதிதான், ஆனால் வாங்குபவர் மெதுவானால் நினைவகம் வீங்கிக்கொண்டே போகும். கொள்ளளவுக்கு எண் யோசிக்கச் சோம்பல்பட்டு அதை எடுப்பவர்களும் உண்டு.

ரஸ்ட்டின் நிலையான நூலகத்திலும் எம்பிஎஸ்சி இருக்கிறது. பெயர் ஒன்றே, குணம் வேறு: செய்தி வரும்வரை அது இழையையே முடக்கிவிடும். 2019 நவம்பரில் 1.39 பதிப்போடு அசின்க், அவெயிட் நிலைபெற்ற பிறகு, இந்தப் பெயர்க் குழப்பம் புதியவர்களுக்கு ஒரு பொறி.

டோக்கியோவில் வேறு வகைச் சேனல்களும் உண்டு: எல்லோருக்கும் ஒரே செய்தி போக வேண்டுமானால் பிராட்காஸ்ட்; கடைசி மதிப்பு மட்டும் போதுமானால் வாட்ச்.

சேனலை மூடத் தனிக் கட்டளை தேவையில்லை. அனுப்பும் முனைகள் அனைத்தும் அழிந்து, மிச்சச் செய்திகளும் தீர்ந்ததும், வாங்குபவருக்கு, எதுவுமில்லை எனப் பொருள்படும் 'நன்' என்ற பதில் கிடைத்துச் சுழல் முடியும். பணிகளுக்கெல்லாம் நகல் கொடுத்துவிட்டு, மூல முனையை மெயின் தன்னிடமே வைத்துக்கொண்டு மேலாளர் முடியக் காத்திருந்தால், நிரல் முடியவே முடியாது. பிழைச்செய்தியும் வராது. மூல முனையை விட்டுவிட ஒரு வரி டிராப் எழுதினால் போதும்.