புதிய கியர் மாற்றியும் ஏன் தடுமாறியது?

செத்தியா ஆலம் பக்கம் உள்ள ஷா ஆலம் சமூக வனப் பாதையில், மழை விட்ட ஒரு சனிக்கிழமை காலை, என் மாணவர் ஒருவர் மலைச் சைக்கிளோடு வலப்பக்கமாகச் சரிந்து விழுந்தார். ஈரமான மரவேரில் முன்சக்கரம் வழுக்கிவிட்டது. முழங்கையில் சிராய்ப்பு, சைக்கிள் முழுக்கச் சேறு. வேறு சேதம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

வீடு திரும்பும் வழியில்தான் தொல்லை தொடங்கியது. கியரை மாற்றினால் சங்கிலி 'டக் டக்' என்று சத்தமிட்டபடி இரண்டு பற்சக்கரங்களுக்கு இடையே தடுமாறியது. கடையில், ஆர்டி போய்விட்டது, புதிதாகப் போட வேண்டும் என்றார்கள். பள்ளி விடுமுறையில் வேலை செய்து சேர்த்த பணத்தில் 140 வெள்ளி கொடுத்துப் புதியது பொருத்தினார். இரண்டே நாளில் அதே சத்தம். "சார், புதுசும் கெட்டுப்போச்சா?" என்று கேட்டபடி சைக்கிளைப் பள்ளிக்கே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

பழைய ஆர்டியும் கெடவில்லை, புதியதும் கெடவில்லை. கெட்டது, இரண்டும் தொங்கிய இடம்.

சங்கிலியைத் தடம் மாற்றும் கருவி

நம் சைக்கிள் கடைகளில் ஆர்டி என்று சுருக்கிச் சொல்லப்படுவது, பின்சக்கரத்தின் அருகே தொங்கும் கியர் மாற்றி. அதன் முழுப்பெயரில் உள்ள 'டீரெய்லர்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குத் தடம் புரளச் செய்வது என்று பொருள். வேலையும் அதுவே. சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து தள்ளி அடுத்ததில் ஏற்றுகிறது. நான்கு மூட்டுகள் கொண்ட இணைகரச் சட்டம் ஒன்று பக்கவாட்டில் நகர்கிறது. கைப்பிடியிலிருந்து வரும் கேபிள் அதை ஒரு பக்கம் இழுக்க, சுருள்வில் மறுபக்கம் இழுக்கிறது. கீழே உள்ள இரண்டு சிறு உருளைகளில் மேல் உருளை சங்கிலிக்கு வழிகாட்டுகிறது. கீழ் உருளை சங்கிலி தொய்யாமல் பார்த்துக்கொள்கிறது.

பிரான்ஸ் சுற்றுப் பந்தயமான டூர் டி பிரான்ஸில் 1937இல்தான் இந்தக் கருவி அனுமதிக்கப்பட்டது. அதற்கு முன், மலை வந்தால் வீரர் இறங்கிப் பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கம் உள்ள பெரிய பற்சக்கரம் சங்கிலிக்கு வரும்படித் திருப்பி மாட்ட வேண்டும்.

1980கள் வரை, கியர் நெம்புகோலை எவ்வளவு தள்ளுவது என்பதை ஓட்டுநரின் கைதான் முடிவு செய்தது. சத்தம் கேட்டால் இன்னும் சற்றுத் தள்ளிச் சரிசெய்துகொள்வார். 1984இல் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம், ஒரு சொடுக்குக்கு ஒரு கியர் என்ற முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு சொடுக்கும் கேபிளைக் குறிப்பிட்ட அளவே இழுக்கும். ஓட்டுவது எளிதானது. ஆனால், ஆர்டி சற்றே கோணலாகத் தொங்கினாலும் அதை ஈடுகட்டக் கை இப்போது இல்லை.

இரண்டு பாகை போதும்

ஆர்டி நேரடியாகச் சட்டத்தில் பொருத்தப்படுவதில்லை. சட்டத்துக்கும் அதற்கும் நடுவே, காது மடல் போன்ற சிறிய அலுமினியத் துண்டு ஒன்று இருக்கும். அதன் பெயர் ஹேங்கர். வலப்பக்கமாக விழும்போது அடியை வாங்குவது ஆர்டி. அந்த அடியில் முதலில் வளைவது ஹேங்கர்.

எவ்வளவு வளைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க அறிவியல் கழக மாணவர்கள் ஓர் அளவீடு செய்தார்கள். ஆர்டியைக் கழற்றிவிட்டு, ஹேங்கரின் துளையில் வேறொரு பழைய சைக்கிளின் பின்சக்கரத்தை அதன் அச்சோடு திருகி மாட்டினோம். துரிதக் கழற்றி வகைச் சக்கரத்தின் உள்ளீடற்ற அச்சும் ஹேங்கர் துளையும் 10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. புரியிடைவெளி என்ற ஒரே அளவு கொண்டவை. பழைய சைக்கிள்களின் கெட்டி அச்சு பார்வைக்கு அப்படியே இருந்தாலும் புரி வேறாக இருக்கலாம். வலிந்து திருகினால் துளை பாழாகிவிடும்.

இப்போது இரண்டு சக்கரங்கள் அருகருகே நின்றன. ஹேங்கர் நேராக இருந்தால் இரண்டும் இணையாக நிற்க வேண்டும். அளந்து பார்த்தபோது, மேல் விளிம்புகளுக்கு இடையே இருந்த தூரத்தைவிடக் கீழ் விளிம்புகளின் தூரம் 2 செ.மீ. குறைவு. விளிம்பின் விட்டம் ஏறத்தாழ 58 செ.மீ. இரண்டை 58ஆல் வகுத்தால் 0.034. அதாவது, ஏறத்தாழ 2 பாகைச் சாய்வு.

வெறுங்கண்ணுக்கு 2 பாகை தெரியாது. ஆனால் ஆர்டியின் வழிகாட்டும் உருளை ஹேங்கரிலிருந்து 7 செ.மீ. கீழே இருந்தால், அது 2.4 மி.மீ. உள்பக்கமாக நகர்ந்துவிடும். எட்டு கியர் சைக்கிளில் ஒரு பற்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் 4.8 மி.மீ. சரிபாதி! சங்கிலி எந்தப் பல்லில் உட்காருவது என்று தெரியாமல் தடுமாறியதற்குக் காரணம் இதுதான். பன்னிரண்டு கியர் சைக்கிளில் இந்த இடைவெளி ஏறத்தாழ 3.6 மி.மீ. மட்டுமே. அங்கே இதே வளைவு இன்னும் பெரிய தொல்லை தரும்.

கேபிளைச் சரிசெய்து பார்க்கலாமே என்று தோன்றும். உருளை நகரும் பாதையே சாய்ந்துவிட்டதால், ஒரு கியர் சரியானால் இன்னொன்று கெடும். அதைவிட ஆபத்து ஒன்றும் உண்டு. உள்பக்கம் சாய்ந்த ஆர்டி, மேடு ஏறப் பெரிய பற்சக்கரத்துக்கு மாறும்போது சக்கரக் கம்பிகளுக்குள் சிக்கிக்கொள்ளலாம். சக்கரம் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். ஆர்டி, கம்பிகள், சில வேளை சட்டம், எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். ஓட்டுபவரும் விழுவார்.

வளைவது அதன் கடமை

ஹேங்கரை ஏன் இன்னும் உறுதியாகச் செய்யவில்லை என்று ஒரு மாணவி கேட்டார். வீட்டு மின்சுற்றில் ஃபியூஸை ஏன் தடித்த கம்பியால் செய்வதில்லையோ, அதே காரணத்தால்தான். ஹேங்கர் வளையாவிட்டால் அடியின் விசை சட்டத்துக்குப் போகும். பழைய எஃகுச் சட்டங்களில் ஹேங்கர் சட்டத்தின் பகுதியாகவே இருந்தது, வளைந்தால் நிமிர்த்திக்கொள்ளலாம். அலுமினியமும் கார்பன் இழையும் அப்படி இடம் தராது. ஆகவே, சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கும் ஒரு துண்டு தன்னைப் பலி கொடுத்துச் சட்டத்தைக் காக்கிறது.

சிறிய வளைவை அதற்கான கருவியால் மெல்ல நிமிர்த்தலாம். ஆனால், மீள்தன்மை எல்லையைத் தாண்டி வளைந்த அலுமினியம் ஒவ்வொரு முறை வளைக்கும்போதும் இறுகி, விரிசல் விடும் நிலைக்கு நெருங்குகிறது. விரிசலோ, தேய்ந்த புரியோ, பெரிய வளைவோ இருந்தால் மாற்றிவிடுவதே நல்லது. ஹேங்கர்கள் சைக்கிளுக்குச் சைக்கிள் வடிவம் மாறுபடும். எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே வடிவத்தை 2019இல் ஸ்ராம் நிறுவனம் வெளியிட்டது. ஆனாலும் எல்லாச் சைக்கிள்களும் அதற்கு மாறிவிடவில்லை. எனவே பழையதைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள்.

எதை, எந்த வரிசையில் பார்ப்பது?

முதலில் சைக்கிளின் பின்னால் குனிந்து பாருங்கள். இரண்டு உருளைகளும் பற்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஹேங்கர் சரியென்றால் கேபிளையும் அதன் உறையையும் பாருங்கள். மடிப்போ துருவோ இருந்தால் மாற்றுங்கள். அடுத்தது உருளைகள், பல் தேய்ந்தால் உருளையை மட்டும் மாற்றலாம். இணைகரச் சட்டம் முறுக்கிக்கொண்டாலோ, மூட்டுகள் ஆடினாலோ, உடலில் விரிசல் இருந்தாலோதான் புதிய ஆர்டி தேவை.

புதியது வாங்கும்போது, கியர்களின் எண்ணிக்கைக்கும், கைப்பிடியில் உள்ள மாற்றியின் வகைக்கும், மிகப் பெரிய பற்சக்கரத்தின் அளவுக்கும் அது பொருந்துகிறதா என்று கேளுங்கள். திருகாணியை முதலில் விரலாலேயே சுற்றி ஏற்றுங்கள். புரி மாறி ஏறினால் ஹேங்கர் வீண். இறுதியில், 'எல்' என்று குறிக்கப்பட்ட எல்லைத் திருகைச் சரிசெய்யாமல் மேட்டில் ஏறாதீர்கள். சங்கிலி கம்பிகளுக்குள் போகாமல் தடுப்பது அதுதான்.

காரில் ஏற்றும்போது சைக்கிளை இடப்பக்கமாகப் படுக்க வையுங்கள். ஒரு ஹேங்கரைப் பையில் கூடுதலாக வைத்திருங்கள்.

அந்த மாணவரின் சைக்கிளுக்கு 25 வெள்ளியில் ஹேங்கர் கிடைத்தது. அதில் கழற்றிப் போட்டிருந்த பழைய ஆர்டியையே மாட்டிப் பார்த்தோம். எட்டுக் கியரும் சொடுக்குக்குச் சொடுக்கு விழுந்தன. 140 வெள்ளி ஆர்டி இப்போது அவர் வீட்டு அலமாரியில், உண்மையிலேயே தேவைப்படும் நாளுக்காகக் காத்திருக்கிறது.