திகதிக்குப் பூட்டுப் போட்ட கதை

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டவர்கள் பைகளில் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இருந்தன. இன்று மருதனார்மடத்தில் அந்தக் கடதாசிகளின் பிரதிகளும், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களும் கைப்பேசிக்குள் இருக்கின்றன. ஒவ்வொன்றோடும் ஒரு திகதி இருக்கிறது. அதை யார் எழுதுகிறார்கள்?

அன்ட்ரொயிட் கைப்பேசியின் அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல். ஒவ்வொரு கோப்புக்கும் அது மூன்று நேரங்களைப் பதிந்து வைக்கும்: கோப்பு கடைசியாக வாசிக்கப்பட்டது, உள்ளடக்கம் மாறியது, கோப்பின் பதிவு மாறியது. முதல் இரண்டையும் பாவனையாளர் விரும்பியபடி மாற்றலாம். மூன்றாவதான ‘சிடைம்’ அப்படியல்ல, அதைக் கெர்னல்தான் எழுதும். சான்று என்று பார்த்தால் இதற்குத்தான் கொஞ்சம் பெறுமதி. (கணினியின் கடிகாரத்தையே திருப்பிவைத்தால் இதுவும் ஏமாறும்.)

ஆனால் கெர்னலுக்கு உள்ளே பூட்டு இருக்கவில்லை. ஒவ்வொரு கோப்பு முறைமையின் நிரலும் அந்தப் புலத்தில் நேராகவே கைவைத்தது. சங்கக்கடை மனேச்சரிடம் கொடுக்காமல் ஆளாளுக்கு நிவாரண அட்டையில் பதிந்த மாதிரி. பதிந்தது சரியாகவே இருக்கலாம், விதியை மாற்றவேண்டி வரும்போதுதான் வில்லங்கம்.

வந்தது. 1970 முதல் விநாடிகளை எண்ணும் 32 பிட் எண் 2038 ஜனவரி 19, இலங்கை நேரம் காலை 8.44.07க்கு நிரம்பும். அடுத்த விநாடி 1901 டிசெம்பர் என்று காட்டும். 2018இல் தீபா தினமணி இந்தப் புலங்களை 64 பிட்டுக்கு மாற்றியபோது கோப்பு முறைமைகள் பலவற்றை ஒரே திருத்தத்தில் தொடவேண்டியிருந்தது.

2023இல் ஜெஃப் லேட்டன் சிடைமை வாசிக்க ஒரு செயற்கூறு, எழுத ஒன்று என்று வைத்து, ஒவ்வொரு கோப்பு முறைமையாக மாற்றினார். சலிப்பான வேலை. கடைசியில் புலத்தின் பெயருக்கு முன்னால் இரண்டு அடிக்கோடுகள் போடப்பட்டன. இனிப் பழைய பெயரில் தொடும் நிரல் தொகுக்கப்படவே மாட்டாது. இது லினக்ஸ் 6.6இல் வந்தது.

பலன் 2025 ஜனவரியில், 6.13இல் தெரிந்தது. முன்பு சில மில்லிவிநாடிகளுக்குள் நடந்த இரண்டு மாற்றங்கள் ஒரே நேரத்தைக் காட்டும். இப்போது இடையில் யாராவது நேரத்தைக் கேட்டிருந்தால், அடுத்த மாற்றத்துக்குக் கெர்னல் நுணுக்கமான நேரம் எழுதும். எழுதும் கை ஒன்றானதால்தான் இந்த விதியை வைக்க முடிந்தது.

தட்டு வேறு விடயம். பழைய எக்ஸ்ட்3 வன்தட்டில் நேரத்துக்கு 32 பிட் இடம்தான், புதிய கெர்னலும் அதைப் பெரிதாக்காது. 2009இன் படங்கள் அப்படியொன்றில் இருந்தால் வேறு தட்டுக்குப் பிரதி எடுங்கள். பிரதியில் சிடைம் புதிதாகிவிடும், ஆகவே முதலில் பழைய திகதிகளை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.