பியர் பிரையன்ட் – சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் சர்ச்சை

பியர் பிரையன்ட் – சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் சர்ச்சை என்பது அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் பால் பியர் பிரையன்ட்டுக்கும், அந்நாட்டின் புகழ்பெற்ற வார இதழான சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்டுக்கும் இடையே 1962 முதல் 1964 வரை நடந்த மோதலாகும். அணியை முரட்டுத்தனமாக ஆட வைக்கிறார் என்ற குற்றச்சாட்டில் தொடங்கிய இது, ஆட்டத்தின் முடிவை முன்கூட்டியே பேசி வைத்தார் என்ற குற்றச்சாட்டாக வளர்ந்தது. இரண்டாம் குற்றச்சாட்டில் பிரையன்ட்டுடன் சேர்த்துப் பெயர் சொல்லப்பட்ட வாலி பட்ஸ் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அவ்வழக்கில் 1967-இல் வழங்கப்பட்ட தீர்ப்பு அமெரிக்க இதழியல் சட்டத்தின் அடிப்படைத் தீர்ப்புகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இக்கட்டுரையில் கால்பந்து என்று குறிப்பிடப்படுவது அமெரிக்கக் கால்பந்து ஆகும். நீள்வட்ட வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படும் இவ்விளையாட்டு, உலகின் பிற பகுதிகளில் கால்பந்து எனப்படும் ஆட்டத்திலிருந்து வேறானது.

பின்னணி

பால் வில்லியம் பிரையன்ட் 1913 செப்டம்பர் 11 அன்று ஆர்கன்சா மாநிலத்தில் பிறந்தார். சிறுவயதில் ஊருக்கு வந்த காட்சிக் குழுவின் கரடியுடன் மல்லுக்கட்டியதால் 'பியர்' (கரடி) என்ற பட்டப்பெயர் அவருக்கு நிலைத்தது. மேரிலாந்து, கென்டக்கி, டெக்சாஸ் ஏ அண்டு எம் ஆகிய பல்கலைக்கழகங்களில் பயிற்சியாளராக இருந்தபின், 1958-இல் தாம் படித்த அலபாமா பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். 1961-இல் அவருடைய அணி தேசிய வாகையர் பட்டம் வென்றது.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கல்லூரிக் கால்பந்து பொதுவாழ்வின் முக்கியப் பகுதியாகும். ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் ஆளுநருக்கு இணையான புகழ் பெறுவது அங்கு வழக்கம். உள்ளூர் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்கள் தத்தம் ஊர் அணியைப் பெரிதும் ஆதரித்து எழுதின. இதனால் அலபாமா நாளிதழ்களில் வீரராகப் போற்றப்பட்ட பிரையன்ட், அண்டை மாநிலமான ஜார்ஜியாவின் நாளிதழ்களில் கடுமையான விமர்சனத்துக்கு உள்ளானார்.

முதல் மோதல்: முரட்டு ஆட்டக் குற்றச்சாட்டு

1961 நவம்பரில் பர்மிங்காம் நகரில் அலபாமா அணியும் ஜார்ஜியா டெக் அணியும் மோதின. அலபாமா 10–0 என வென்றது. ஆட்டத்தின் போது அலபாமா வீரர் டார்வின் ஹோல்ட், ஜார்ஜியா டெக் வீரர் சிக் கிரானிங்கின் முகத்தில் மோதினார். கிரானிங்கின் தாடை எலும்பு முறிந்தது, பற்கள் உடைந்தன. ஆனால் நடுவர்கள் இம்மோதலுக்குத் தண்டம் விதிக்கவில்லை. அட்லான்டா நாளிதழ்கள் இதைப் பல நாட்கள் தொடர்ந்து எழுதின. தனி ஒரு வீரரின் செயலாக மட்டும் இதைப் பார்க்கக் கூடாது, பிரையன்ட் கற்றுத்தரும் ஆட்டமுறையே இதற்குக் காரணம் என்பது அவற்றின் வாதமாக இருந்தது.

அட்லான்டா ஜர்னல் நாளிதழின் விளையாட்டு ஆசிரியர் பர்மன் பிஷர் இதே கருத்தை 1962 அக்டோபர் 20 நாளிட்ட சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்டில் விரிவாக எழுதினார். கல்லூரிக் கால்பந்து வெறிபிடித்த நிலைக்குப் போய்விட்டது என்ற பொருளில் அக்கட்டுரைக்குத் தலைப்பிடப்பட்டிருந்தது. இதனால் அட்லான்டா வட்டாரத்தில் இருந்த சண்டை நாடு முழுவதும் தெரியவந்தது. பிரையன்ட் 1963 தொடக்கத்தில் இதழின் பதிப்பாளரான கர்டிஸ் நிறுவனத்தின் மீது ஐந்து லட்சம் டாலர் கேட்டு அவதூறு வழக்குத் தொடுத்தார்.

ஜார்ஜியா டெக் உடனான பகை உடனே ஆறவில்லை. 1964-இல் அட்லான்டாவில் ஆடச் சென்றபோது, பார்வையாளர்கள் பொருட்களை எறிவார்கள் என்பதைக் காட்டும் விதமாகப் பிரையன்ட் வீரர்கள் அணியும் தலைக்கவசத்துடன் மைதானத்துக்குள் வந்தார்.

இரண்டாம் மோதல்: தொலைபேசி உரையாடல்

1962 செப்டம்பரில், அட்லான்டாவைச் சேர்ந்த காப்பீட்டு முகவர் ஒருவர் தொலைபேசியில் ஓர் எண்ணை அழைத்தார். இணைப்பில் ஏற்பட்ட கோளாறால் வேறு இருவரின் உரையாடல் அவர் காதில் விழுந்தது. ஒருவர் பிரையன்ட். மற்றவர் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநர் வாலி பட்ஸ். பட்ஸ் 1939 முதல் 1960 வரை ஜார்ஜியா அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். ஜார்ஜியா அணியின் ஆட்ட உத்திகளைப் பட்ஸ் சொல்வதாக எண்ணிய முகவர் கேட்டவற்றைக் குறித்து வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 22 அன்று இரு அணிகளும் மோதின. அலபாமா 35–0 என வென்றது. பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஜோ நாமத் அலபாமா பல்கலைக்கழக அணிக்காக ஆடிய முதல் ஆட்டம் அதுவே.

மாதங்கள் கழித்து முகவர் தம் குறிப்புகளை ஜார்ஜியா அணியின் புதிய பயிற்சியாளரிடம் ஒப்படைத்தார். செய்தி பல்கலைக்கழக அதிகாரிகளுக்கும், தென்கிழக்கு மாநாடு எனப்படும் கல்லூரி அணிகளின் கூட்டமைப்புக்கும் சென்றது. பட்ஸ் 1963-இல் பதவி விலகினார். இதற்கிடையே சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் முகவருக்கு 5,000 டாலர் கொடுத்து அவருடைய கதையைப் பெற்றது.

1963 மார்ச் 23 நாளிட்ட இதழில் பிராங்க் கிரகாம் ஜூனியர் எழுதிய கட்டுரை வெளியானது. பட்ஸும் பிரையன்ட்டும் ஆட்டத்தின் முடிவைப் பேசிவைத்ததாக அது நேரடியாகக் குற்றம் சாட்டியது. 1919-ஆம் ஆண்டு பேஸ்பால் உலகத் தொடரில் சிகாகோ அணி வீரர்கள் பணம் பெற்றுக்கொண்டு தோற்ற ஊழலுக்கு இணையானது இது என்று இதழின் முன்குறிப்பு கூறியது. இதழ் கடைகளுக்கு வருமுன்பே பிரையன்ட் அலபாமா தொலைக்காட்சியில் தோன்றிக் குற்றச்சாட்டை மறுத்தார். பட்ஸும் பிரையன்ட்டும் தனித்தனியே வழக்குத் தொடுத்தனர்.

இதழின் நிலை

சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் குடும்பங்கள் விரும்பிப் படித்த இதழாகும். ஓவியர் நார்மன் ராக்வெல்லின் அட்டைப்படங்களுக்காகவும் சிறுகதைகளுக்காகவும் அது பெயர் பெற்றிருந்தது. 1960-களின் தொடக்கத்தில் விளம்பர வருவாய் தொலைக்காட்சியை நோக்கிச் சென்றதால் இதழ் நட்டத்தில் விழுந்தது. புதிய ஆசிரியர் கிளே பிளேர் ஊழல்களை அம்பலப்படுத்தும் கட்டுரைகளால் இதழை மீட்க முயன்றார். தங்கள் மீது அவதூறு வழக்குகள் குவிவது தாங்கள் சரியான இடத்தில் அடிப்பதைக் காட்டுகிறது என்ற பொருளில் அவர் தம் பணியாளர்களுக்கு எழுதிய குறிப்பு, பின்னர் நீதிமன்றத்தில் இதழுக்கு எதிரான சான்றாகப் பயன்பட்டது.

அட்லான்டா விசாரணை

பட்ஸ் தொடுத்த வழக்கு 1963 ஆகஸ்டில் அட்லான்டா கூட்டாட்சி நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டது. அவர் ஒரு கோடி டாலர் கேட்டிருந்தார். பிரையன்ட் சாட்சியம் அளித்தார். தொலைபேசியில் பேசியதை இருவரும் மறுக்கவில்லை; கால்பந்தைப் பற்றிப் பொதுவாகப் பேசியதாகவே கூறினர்.

எழுதியது உண்மை என்பதே கர்டிஸ் நிறுவனத்தின் முதன்மை வாதம். எனவே கட்டுரை எவ்வாறு தயாரிக்கப்பட்டது என்பது விசாரணையில் முக்கியமானது. பின்வருவன வெளிவந்தன:

• முகவர் எழுதிய மூலக் குறிப்புகளை இதழ் வெளியீட்டுக்கு முன் பார்க்கவில்லை.
• அழைப்பு நடந்தபோது முகவருடன் இருந்ததாகக் கூறப்பட்ட மற்றொருவரிடம் இதழ் பேசவில்லை.
• ஆட்டத்தின் திரைப்படப் பதிவை இதழ் பார்க்கவில்லை. அழைப்புக்குப் பின் அலபாமா தன் ஆட்டத் திட்டத்தை மாற்றியதா என்றும் விசாரிக்கவில்லை.
• கட்டுரையாளர் கால்பந்து வல்லுநர் அல்லர். வல்லுநர் ஒருவரிடம் காட்டியும் கட்டுரை சரிபார்க்கப்படவில்லை.
• முகவர் முன்பு காசோலை மோசடிக் குற்றச்சாட்டில் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தவர் என்பது இதழுக்குத் தெரிந்திருந்தது.

குறிப்புகளையும் ஆட்டப் பதிவையும் ஒப்பிட்ட வல்லுநர்கள் பட்ஸுக்குச் சாதகமாகச் சாட்சியம் அளித்தனர். வீரர்கள் கூறியதாக இதழ் எழுதியிருந்தவையும் மறுக்கப்பட்டன.

ஜூரி பட்ஸுக்குப் பொது இழப்பீடாக 60,000 டாலரும், தண்டனை இழப்பீடாக 30 லட்சம் டாலரும் வழங்கியது. நீதிபதி மொத்தத் தொகையை 4,60,000 டாலராகக் குறைத்தார். இத்தீர்ப்புக்குப் பின், 1964 தொடக்கத்தில் கர்டிஸ் நிறுவனம் பிரையன்ட்டுக்கு 3,00,000 டாலர் கொடுத்து அவருடைய வழக்குகளைச் சமரசமாக முடித்துக்கொண்டது. ஆகவே பிரையன்ட்டின் வழக்கில் நீதிமன்றம் தீர்ப்பு எதுவும் வழங்கவில்லை.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு

1964 மார்ச் 9 அன்று நியூயார்க் டைம்ஸ் எதிர் சல்லிவன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் புதிய விதி ஒன்றை வகுத்தது. அரசு அலுவலர் ஒருவர் தம் பணி பற்றிய அவதூறுக்காக இழப்பீடு பெற வேண்டுமானால், செய்தி பொய் எனத் தெரிந்தே வெளியிடப்பட்டது என்றோ, உண்மையா பொய்யா என்பதைப் பொருட்படுத்தாமல் வெளியிடப்பட்டது என்றோ அவர் மெய்ப்பிக்க வேண்டும். இதன் அடிப்படையில் கர்டிஸ் நிறுவனம் மறுவிசாரணை கோரியது. கீழ் நீதிமன்றங்கள் மறுத்ததால் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது.

பட்ஸ் பணியாற்றியது அரசுப் பல்கலைக்கழகத்தில் என்றாலும், அவருக்கு ஊதியம் அளித்தது ஜார்ஜியா விளையாட்டுச் சங்கம் என்ற தனியார் அமைப்பு. எனவே அவர் அரசு அலுவலர் அல்லர். ஆனால் மக்கள் அனைவரும் அறிந்தவர். இத்தகைய 'பொதுப் பிரமுகர்'களுக்கு எந்த விதி பொருந்தும் என்பதே கேள்வி.

1967 ஜூன் 12 அன்று 5–4 என்ற கணக்கில் பட்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. பொறுப்புள்ள இதழ்கள் வழக்கமாகக் கடைப்பிடிக்கும் சரிபார்ப்பு முறைகளிலிருந்து மிகவும் விலகி நடந்துகொண்டால் பொதுப் பிரமுகரும் இழப்பீடு பெறலாம் என்று நீதிபதி ஹார்லன் எழுதினார். மேலும் மூவர் அவருடன் உடன்பட்டனர். தலைமை நீதிபதி வாரன் முடிவை ஏற்றார். ஆனால் சல்லிவன் விதியே பொதுப் பிரமுகர்களுக்கும் பொருந்த வேண்டும் என்றார். பின்வந்த வழக்குகளில் நிலைபெற்றது வாரனின் கருத்தே.

அதே நாளில் அசோசியேட்டட் பிரஸ் எதிர் வாக்கர் என்ற வழக்கிலும் தீர்ப்பு வழங்கப்பட்டது. 1962-இல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் நடந்த கலவரத்தின்போது களத்திலிருந்து செய்தியாளர் அனுப்பிய உடனடிச் செய்தி பற்றிய வழக்கு அது. அதில் செய்தி நிறுவனம் வென்றது. கலவரச் செய்தியை உடனே அனுப்ப வேண்டியிருந்தது. போஸ்ட் கட்டுரையோ ஆட்டம் முடிந்து மாதங்கள் கழித்து எழுதப்பட்டது. சரிபார்க்க நேரம் இருந்தும் சரிபார்க்காததே இரு வழக்குகளின் முடிவுகளும் வேறுபடக் காரணமாயிற்று.

பிந்தைய நிலை

சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் 1969 பிப்ரவரியில் நின்றது. 1971-இல் வேறு வடிவில் மீண்டும் தொடங்கப்பட்டது. அது நின்றதற்கு விளம்பர வருவாய் இழப்பே முதன்மைக் காரணம். பட்ஸ் 1973-இல் காலமானார்.

பிரையன்ட் 1982 வரை அலபாமா பயிற்சியாளராகத் தொடர்ந்தார். அங்கு ஆறு தேசிய வாகையர் பட்டங்களையும், தம் பயிற்சி வாழ்வில் மொத்தம் 323 வெற்றிகளையும் பெற்றார். ஊடகங்களை அவர் ஒதுக்கவில்லை. ஞாயிறுதோறும் ஒளிபரப்பான தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் முந்தைய நாள் ஆட்டத்தைத் தாமே விளக்கினார். 1974-இல் விளையாட்டு இதழாளர் ஜான் அண்டர்வுட்டுடன் சேர்ந்து தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். இவ்வாறு பிறர் வழியாக அன்றித் தாமே மக்களிடம் பேசும் வழிகளை அவர் அமைத்துக்கொண்டார். 1983 ஜனவரி 26 அன்று, ஓய்வு பெற்ற சில வாரங்களில் காலமானார்.

மதிப்பீடு

இந்த வழக்கு ஆட்டம் பேசிவைக்கப்படவில்லை என்பதை நிலைநாட்டியது. ஆனால் எதிரணியின் பயிற்சியாளரோடு ஒரு பல்கலைக்கழக இயக்குநர் ஆட்டத்துக்கு முன் அவ்வாறு பேசியது முறையா என்ற கேள்விக்கு அது விடை தரவில்லை. தென்கிழக்கு மாநாட்டின் சார்பில் விசாரணையைக் கவனித்த சட்டப் பேராசிரியர் ஜேம்ஸ் கர்பி, 1986-இல் வெளியிட்ட நூலில் இதைச் சுட்டிக்காட்டி, ஜூரியின் முடிவைக் கேள்விக்கு உட்படுத்தினார்.

இதழியல் மாணவர்களுக்கு இவ்வழக்கு பாடமாக வைக்கப்படுவதற்கும் இதுவே காரணம். உரையாடல் நடந்தது, குறிப்புகளும் இருந்தன, விசாரிக்கத் தக்க செய்தியும் அதில் இருந்தது. குறிப்புகளைப் படித்து, ஆட்டப் பதிவைப் பார்த்து, சாட்சிகளிடம் பேசியிருந்தால் நிலைத்து நிற்கும் ஒரு கட்டுரையை இதழால் எழுதியிருக்க முடியும். அவற்றைச் செய்யாமல் மெய்ப்பிக்க முடியாத பெரிய குற்றச்சாட்டைச் சுமத்தியதால், கேட்டிருக்க வேண்டிய சிறிய கேள்வியும் கேட்கப்படாமலே போயிற்று.